ஃபிங்கர்ஸ்டைல் கிட்டார்: தேக்கம் பெரும்பாலும் வலக்கையில்தான்

காரைக்குடியில் கிட்டார் கற்பிக்கும் என்னிடம், அடிப்படைகளை முடித்துவிட்டு ஃபிங்கர்ஸ்டைலில் (தந்திகளை விரல்களாலேயே மீட்டும் பாணியில்) தேங்கி நிற்பவர்கள் பலரும் சொல்வது, இடக்கைக்கு வேகம் போதவில்லை என்பதுதான். வாசிக்கச் சொல்லிக் கேட்டால், குறை பெரும்பாலும் வலக்கைக் கட்டைவிரலில் இருக்கிறது.

தடித்த மூன்று தந்திகளில் கட்டைவிரல் பாஸை (தாழ்ந்த ஸ்வரங்களை) அடி பிசகாமல் நடத்திச் செல்ல, மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டை வாசிப்பதே இப்பாணியின் அடிப்படை. அமெரிக்கக் கலைஞர் மெர்ல் டிராவிஸின் பெயரால் வழங்கும் முறையில், கட்டைவிரல் பாஸ் தந்திகளில் மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கும். வீணை பயின்றுவிட்டு வருபவர்கள் (வீணைக் கலைஞர்களான காரைக்குடி சகோதரர்களின் ஊரல்லவா!) இங்கேதான் தடுமாறுகிறார்கள். வீணையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மீட்ட, சுண்டுவிரல் தாளத் தந்திகளைப் பார்த்துக்கொள்ளும். கட்டைவிரலுக்கு அங்கே மீட்டும் வேலை கிடையாது. அதனால் மெட்டு உடனே வசப்பட்டாலும் பாஸ் நின்று நின்று வருகிறது.

இதற்கு நான் தரும் பயிற்சி சலிப்பூட்டக்கூடியது. சீரான அடி ஒலிக்கும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடிகளில் வைத்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதும் தடைபடாத அளவுக்குக் கட்டைவிரலை மட்டும் பழக்க வேண்டும். பிறகு அடியோடு சேர்ந்து விழும் மெட்டு ஸ்வரங்களையும், அவை நிலைத்த பின்னரே இரண்டு அடிகளுக்கு நடுவே விழுபவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். மோதிர விரல் மற்ற விரல்களைப் போல இயங்கவில்லை என்று அதை வருத்த வேண்டாம். புறங்கையில் அதன் தசைநாண்கள் அண்டை விரல்களின் தசைநாண்களோடு இணைந்திருப்பதால், அந்தச் சார்பு இயல்பானதே.

பயிற்சி செய்யும் இடமும் முக்கியம். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் கொண்ட பட்டாலையில் (செட்டிநாட்டு வீட்டுக் கூடத்தில்) அமர்ந்து வாசித்தால் ஒலி இனிமையாகவே கேட்கும். ஆனால் அணைக்காமல் விட்ட பாஸ் ஒலியும் மெட்டின் ஏற்றத்தாழ்வும் எதிரொலியில் மறைந்துவிடும். துணிகளும் மெத்தையும் உள்ள சிறிய அறையில் வாசித்துக் கைபேசியில் பதிவுசெய்து கேட்டால் உண்மை தெரியும்.

நகம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: ஸ்டீல் தந்தி நகத்தை விரைவில் தேய்க்கும், நைலான் அவ்வளவாகத் தேய்க்காது, மற்றது அவரவர் விருப்பம்.

வலியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மணிக்கட்டை நெடுநேரம் மடக்கி வைத்து வாசிப்பது, அதன் வழியே செல்லும் நரம்பை அழுத்தக்கூடும். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போவதோ, இரவில் கூச்சமெடுப்பதோ அதன் அறிகுறியாக இருக்கலாம். வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும் என்று தொடராமல், கச்சேரிக்குத் தேதி குறித்திருந்தாலும் கிட்டாரை வைத்துவிட்டு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.