கழுத்து மாத்திரை

காசிமேட்டிலிருந்து அந்த அம்மா மகனை ஆட்டோவில் கூட்டிவந்தபோது இரவு எட்டரை மணி, கிளினிக்கை மூடும் நேரம். பையனுக்கு இருபத்திரண்டு வயது. கழுத்து இடது பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றது. விழிகள் மேலே செருகியிருந்தன. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. வலது மணிக்கட்டில் புதுக் கறுப்புக் கயிறு. "காத்து கருப்புன்னு மந்திரிச்சுக்கூட பாத்துட்டேன் டாக்டரம்மா" என்றார். முந்தின நாள் வேறொரு இடத்தில் மனநோய்க்காக ஹாலோபெரிடால் ஊசி போட்டிருந்தார்கள் என்பது நான்கைந்து கேள்விக்கு அப்புறம்தான் வெளியே வந்தது.

ஃபெனெர்கான் ஊசி போட்டு பெஞ்சில் படுக்கவைத்தோம். அரை மணி நேரத்துக்குள் கழுத்து தானாக நேரானது. எழுந்து உட்கார்ந்தவன் முதலில் கேட்டது டீ. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். மறுபடி இழுக்காமல் இருக்க, வேறு மருந்தை மாற்றி எழுதி, கூடவே சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றையும் எழுதினேன். டிரைஹெக்சிபெனிடில், 2 மில்லிகிராம். எங்கள் வட்டாரத்தில் டி.எச்.பி. அல்லது 'பேசிடேன்' (Pacitane) என்ற கம்பெனிப் பெயரைச் சொன்னால் மெடிக்கல் ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மா அதற்கு வைத்த பெயர் 'கய்த்து மாத்திரை'.

(அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஆறு மாதம் கழித்து வந்தார்கள். பையனுக்குத் திரும்பவும் காதில் குரல் கேட்க ஆரம்பித்திருந்தது. மாத்திரை டப்பாவைத் திறந்து மேஜையில் கொட்டினார். நோய்க்கான மாத்திரை அட்டை அட்டையாகப் பிரிக்காமலே கிடந்தது. கழுத்து மாத்திரை மட்டும் ஒன்று விடாமல் காலி. "பெரிய மாத்திரதானம்மா கய்த்த இஸ்துச்சு? அத்த நிறுத்திட்டேன். நல்லது பண்ண மாத்திரய வுடாம குடுத்துக்கினு வரேன்."

அவர் கண்ணால் பார்த்ததை வைத்து யோசித்தால் இதைவிடச் சரியான முடிவு இருக்க முடியாது. தப்பு என்னுடையது. எந்த மாத்திரை நோய்க்கு, எது அந்த மாத்திரையின் பக்கவிளைவுக்கு என்று நான் பிரித்துச் சொல்லவே இல்லை. இப்போது அதைச் சொல்லிவிடுகிறேன்.

மனநோய் மருந்துகளில் பல, மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையைக் குறைக்கின்றன. குரல்கள், சந்தேகங்கள் அடங்குவது அதனால்தான். ஆனால் உடம்பின் அசைவுகளைச் சீராக வைத்திருப்பதும் டோபமின்தான். அதற்கு எதிர்த்தட்டில் இருப்பது அசிடைல்கோலின் என்ற இன்னொரு ரசாயனம். ஒரு தட்டில் கனம் குறைந்தால் மற்றது இறங்கிவிடும் இல்லையா? கழுத்து இழுப்பதும், கை நடுங்குவதும், நடை இறுகி முகம் சிலைபோல் ஆவதும் அந்த இறக்கம்தான். டி.எச்.பி. அசிடைல்கோலின் தட்டிலிருந்து கொஞ்சம் கனத்தை எடுக்கிறது, தராசு சமமாகிறது. நோயை அது தொடுவதே இல்லை. அதை மட்டும் போட்டுக்கொண்டிருப்பது, கூரை ஒழுகும்போது பாத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கூரையைக் கழற்றிவிடுவது மாதிரி.

சிக்கல் என்னவென்றால் அசிடைல்கோலின் மூளையில் மட்டும் இல்லை. எச்சில் ஊறுவது, குடல் அசைவது, சிறுநீர் கழிவது, கண் கிட்டத்தில் பார்ப்பது, ஞாபகம், வியர்வை, இத்தனையிலும் அதற்குப் பங்கு உண்டு. ஊமத்தங்காய் தின்றவரைப் பார்த்த பெரியவர்களுக்கு இது உடனே புரியும்: வாய் காய்ந்து, கண் கூசி, உடம்பு கொதித்து, சம்பந்தமில்லாமல் பிதற்றுவார்கள். டி.எச்.பி. அளவுக்கு மீறினால் போவதும் அதே பாதைதான்.

வியர்வையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். ஒரு மே மாதம், எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசையில் நின்றிருந்த கிளீனர் ஒருவரை டிரைவர் தூக்கி வந்தார். அந்தக் கிளீனர் எங்களிடம் பல வருடமாக இந்த மாத்திரை வாங்குபவர். டிரைவர் சொன்ன ஒரு வாக்கியம் மறக்கவில்லை: "நாங்க எல்லாரும் தொப்பலா நனஞ்சு கெடக்குறோம் மேடம், இவன் சட்ட மட்டும் காஞ்சே இருக்கு." தோல் சூடாக, உலர்ந்து, ஆள் தடுமாறிக்கொண்டிருந்தார். வியர்க்காத உடம்பு தன்னைக் குளிர்விக்க முடியாது. உடனே தண்ணீர் ஊற்றி, ஃபேனைத் திருப்பி, ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார். அக்னி நட்சத்திரத்தில் மீன்பிடித் துறைமுகத்திலும் கண்டெய்னர் யார்டிலும் வெயிலில் வேலை செய்பவர்கள் இந்த மாத்திரை எடுத்தால், கோடைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். உச்சி வெயிலில் நிழலுக்கு வாருங்கள், தாகம் எடுக்கக் காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். மனநோய் மாத்திரை எடுப்பவருக்குக் கடும் காய்ச்சலும் உடம்பு விறைப்பும் சேர்ந்து வந்தால் அது வேறு ஆபத்தாகவும் இருக்கலாம். பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாம் என்று நேரம் கடத்தாமல் 108ஐ அழையுங்கள்.

அடுத்து வயதானவர்கள். அறுபது தாண்டியவருக்கு திடீரென்று ஞாபகம் மங்கினால், சிறுநீர் அடைத்துக்கொண்டால், இல்லாத ஆளோடு பேசினால், வயசாச்சு என்று விட்டுவிடாமல் மாத்திரைப் பையை எடுத்து வாருங்கள். அரிப்புக்கு ஏவில், வயிற்று வலிக்கு டைசைக்ளோமின், தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின் என்று ஆளுக்கொரு இடத்தில் வாங்கியிருப்பார்கள். எல்லாமே ஏதோ ஒரு அளவில் அசிடைல்கோலினைத் தடுப்பவை. மேலே டி.எச்.பி.யும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். கண்ணில் கடும் வலியும் சிவப்பும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். குறுகிய கோண கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருப்பவருக்கு இந்த மருந்து ஆகாது.

அட்டையின் பின்பக்கத்தையும் ஒருமுறை படியுங்கள். ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தோடு டி.எச்.பி.யையும் சேர்த்தே ஒரே மாத்திரையாக விற்கிறார்கள். அது தெரியாமல் தனியாகவும் ஒன்று போட்டு, இரட்டிப்பாக எடுப்பவர்களை மாதம் ஒருவரையாவது பார்க்கிறேன்.

சரி, எவ்வளவு நாள் போட வேண்டும்? 1990லேயே உலக சுகாதார நிறுவனம் இதைப் பற்றிக் கருத்துச் சொல்லிவிட்டது: எல்லோருக்கும் முன்கூட்டியே, வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று. பலருக்குச் சில மாதங்களில் தேவை தீர்ந்துவிடும். ஆனாலும் பத்து வருடமாக விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். காரணம் நாங்கள்தான். புறநோயாளிப் பிரிவில் வரிசை வாசல் வரை நிற்கும்போது, பழைய சீட்டில் இருப்பதை அப்படியே புதுச் சீட்டில் எழுதிவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன். அதனால் அடுத்த முறை நீங்களே கேளுங்கள்: "இந்தச் சின்ன மாத்திரை இன்னும் வேணுமா?" கோபப்படும் மருத்துவர் கொஞ்ச நாளில் பழகிக்கொள்வார்.

இதைப் படித்துவிட்டு இன்று இரவே நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் குமட்டல், வியர்வை, தூக்கமின்மை, படபடப்பு வரும். நோயே திரும்பிவிட்டது என்று வீடே பயந்துபோகும். சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும், எங்கள் கண் முன்னால். சிலருக்கு நடுக்கம் திரும்பும்; அவர்களுக்கு அது தொடர்ந்து தேவைதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. வாயும் நாக்கும் சும்மா மென்றுகொண்டே இருக்கும் நாள்பட்ட பக்கவிளைவு வந்தவருக்கோ இந்த மாத்திரை நிலைமையை மோசமாக்கலாம். நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. நேரில் வர முடியாத நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை.

போதைக்காக இதைக் கேட்டு வரும் பையன்களும் உண்டு. சீட்டு இல்லாமல் தரக் கூடாத மருந்து என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். தருபவர்களும் தெரிந்தேதான் தருகிறார்கள்.

காசிமேட்டு அம்மாவின் மகனுக்கு நோய் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தோம். குரல்கள் அடங்கின. கழுத்து மாத்திரையை அரை அரையாகக் குறைத்துப் போன மாதம் நிறுத்தினோம். இழுக்கவில்லை. பையன் ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போகிறான். போகும்போது அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஆறு மாத்திரை மிச்சமிருந்த ஒரு அட்டையை எடுத்தார்.

"பக்கத்து வூட்டுல ஒரு பெரியவருக்கு கை நடுங்குது டாக்டரம்மா. இத்த அவருக்குக் குடுத்துரட்டா?"

அவரை நேரில் கூட்டிவரச் சொல்லிவிட்டு, அட்டையை வாங்கி என் டிராயரில் போட்டுப் பூட்டினேன்.