ஆலையை மூடியாச்சு, சரி. டாக்டரிடம் அதைச் சொன்னீர்களா?

கை விரல் மரத்துப் போகிறது, சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை, நடந்தால் தள்ளுகிறது என்று வருகிறவர்களிடம் சர்க்கரை, குடிப்பழக்கம், சாப்பிடும் மாத்திரை எல்லாம் விசாரிப்போம். நரம்பியல் மருத்துவராக நான் இன்னொன்றும் கேட்பேன்: முன்பு எந்த ஊரில் இருந்தீர்கள், என்ன வேலை பார்த்தீர்கள்? ரசாயன ஆலையை நம்பியிருந்த ஊர்க்காரர்கள் இதற்குப் பதில் சொல்லத் தயங்குவார்கள். "அதை மூடி எவ்வளவோ வருஷம் ஆச்சு டாக்டர்" என்பார்கள். சோறு போட்ட இடத்தைக் குறை சொல்ல மனம் வராது. அந்த நன்றியை நான் மதிக்கிறேன். ஆனாலும் விடாமல் கேட்பேன்.

ஜப்பானின் மினமாட்டா அப்படி ஓர் ஊர். வேலை, வியாபாரம், ஆஸ்பத்திரி என்று எதை எடுத்தாலும் சிஸ்ஸோ ஆலைதான். 1932 முதல் 1968 வரை அங்கே அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனத்தைத் தயாரிக்கப் பாதரசத்தைப் பயன்படுத்தினார்கள். கழிவுநீரோடு கடலில் கலந்த மெத்தில் பாதரசம், அதாவது நரம்பைத் தாக்கும் ஒரு பாதரச நஞ்சு, மீனில் சேர்ந்தது. மீனைத் தின்ற பூனைகளும் மனிதர்களும் நரம்பு நோயில் விழுந்தார்கள். 1956 மே 1 அன்று இந்த நோயை அரசுக்குத் தெரிவித்தவர் ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹஜிமே ஹொசோகாவா. 1959-இல் அவர் ஆலைக் கழிவைத் தீனியில் கலந்து கொடுத்துப் பார்த்த 400-ஆம் எண் பூனைக்கும் அதே நோய் வந்தது. நிர்வாகம் அந்த முடிவை வெளியே விடவில்லை. 1970-இல், புற்றுநோயோடு படுக்கையில் கிடந்தபோதுதான் அவர் அதை நீதிமன்றத்துக்குச் சாட்சியமாகச் சொன்னார். ஆலையிடம் சம்பளம் வாங்கிய மருத்துவரின் நிலை அது. நோயாளிகள் வாய் திறக்கத் தயங்கியதில் என்ன ஆச்சரியம்?

"ரத்தத்தில் ஒன்றும் இல்லை" என்ற ரிசல்ட்டைப் பார்த்து நிம்மதியாகப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரத்தத்தில் உள்ள மெத்தில் பாதரசம் ஏறத்தாழ 50 நாளில் பாதியாகிவிடும். சில வருஷம் போனால் சோதனையில் எதுவும் தெரியாது. நரம்பில் விழுந்த அடி மட்டும் அப்படியே இருக்கும். எல்லா மரத்துப்போதலுக்கும் ஆலை காரணமில்லை, சர்க்கரை நோய்தான் அடிக்கடி காரணம். ஆனால் பழைய பாதிப்பை இன்றைய ரத்தத்தை வைத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மினமாட்டாவில் கருவிலேயே பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பிறந்தார்கள். தாய்மார்கள் பலருக்கு நோய் லேசாகத்தான் இருந்தது. நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பாதரசம் பிள்ளைக்குப் போயிருந்தது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது ஜப்பானியக் குடும்பங்களின் வழக்கம். அந்தக் காய்ந்த துண்டுகளைப் பின்னால் சோதித்தபோது, வருஷம் வாரியாகப் பாதரசம் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தது.

நம் எல்லோரிடமும் அப்படி ஒரு துண்டு இருக்காது. ஆகவே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எந்தப் பிரிவில், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை வேலை, என்ன பொருளைக் கையாண்டீர்கள், குடிதண்ணீர் எந்தக் கிணறு, மீன் எங்கே பிடித்தது. பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, மருத்துவச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம், ஆலைக்குள் காலே வைக்காத பெண்களையும் இந்தக் கணக்கில் சேருங்கள். ரசாயனம் படிந்த வேலை உடுப்பைத் துவைத்தது பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களிடம்தான் யாரும் கேட்பதில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவு நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.