‘அந்த மைவிக்காரன்’ என்று தொடங்கும் வாக்குமூலங்கள்

கோலாலம்பூரில் வாகனக் காப்புறுதி இழப்பீட்டு மதிப்பீட்டாளராக, அதாவது தொழில் வட்டாரத்தில் எல்லாரும் சொல்லும் ‘அட்ஜஸ்டர்’ ஆக, நான் வேலை பார்க்கத் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. நொறுங்கிய வாகனத்தைப் பட்டறையில் சென்று பார்ப்பது, சேதத்தின் உயரத்தையும் திசையையும் அளந்து படம் எடுப்பது, விபத்து நடந்த இடத்துக்குப் போய் வருவது, ஓட்டியவரை உட்கார வைத்து நடந்ததைக் கேட்டு எழுதிக்கொள்வது ஆகியவை என் அன்றாடப் பணிகள். இவற்றுள் கடைசிப் பணிதான் கடினமானது. தகரம் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு வராது. ஏன் நசுங்கியது என்று கேட்கும்போதுதான் வரும்.

“நடந்ததைச் சொல்லுங்கள்” என்று கேட்டால், பெரும்பாலோர் முதலில் சொல்வது மற்றவர் ஓட்டி வந்த வண்டியின் பெயரை. “அந்த மைவிக்காரன் உள்ளே புகுந்துட்டான், சார்.” “வெல்ஃபயர் ஒண்ணு பின்னாலேயே லைட் அடிச்சிக்கிட்டு வந்துச்சு, சார்.” “ஹைலக்ஸ் ஓட்டுறவன் எல்லாம் இப்படித்தான்.” எந்தத் தடம், என்ன வேகம், எவ்வளவு இடைவெளி, யார் எப்போது சிக்னல் போட்டார் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை வாங்க அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஆகும். சிலரிடமிருந்து அது வருவதே இல்லை. வண்டியின் பெயரைச் சொன்னவுடனே விபத்தின் காரணத்தையும் சொல்லிவிட்டதாக அவர்கள் மனமார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால் என் கோப்பு தாமதமாவது சிறிய விஷயம். அதே நம்பிக்கையோடு அவர்கள் சாலையில் வண்டி ஓட்டுகிறார்கள் என்பதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

மைவியிலிருந்தே தொடங்குகிறேன். பெரோடுவா நிறுவனம் 2005இல் அறிமுகப்படுத்திய இந்தச் சிறிய கார், மலேசியாவில் மிக அதிகமாக விற்பனையாகும் கார்களுள் ஒன்று. 2017இல் அதன் மூன்றாவது தலைமுறை வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் முதலில் வாங்குவதும், அக்காவிடமிருந்து தம்பிக்குக் கைமாறுவதும், மூன்றாவது கையாக விலைபோவதும் பெரும்பாலும் இந்தக் கார்தான். சாலையில் எங்கு திரும்பினாலும் கண்ணில் படும் ஒரு வண்டி, விபத்துகளிலும் எங்கு திரும்பினாலும் கண்ணில் படத்தான் செய்யும். தைப்பூசத்தன்று பத்துமலையில் கூட்டத்தில் தவறிப்போகும் குழந்தைகளில் பலர் மஞ்சள் உடையில்தான் இருப்பார்கள். அதற்காக மஞ்சள் உடையின்மேல் யாரும் பழி போடுவதில்லை. ஆனால் தடம் மாறி நம் முன்னால் புகுந்த ஒரு மைவியை நாம் ஆறு மாதம் நினைவில் வைத்திருக்கிறோம். அதே நாளில் ஒழுங்காக நம்மைக் கடந்து சென்ற நாற்பது மைவிகளைக் கவனித்திருக்கவும் மாட்டோம்.

இந்த முன்முடிவு வெறும் நகைச்சுவையாக நின்றுவிட்டால் எனக்குக் கவலையில்லை. கவலை எங்கே தொடங்குகிறது என்றால், நெரிசல் நேரத்தில் ஜாலான் கூச்சிங்கிலோ நடுவட்டச் சாலை 2இலோ ஒருவர் தடம் மாறச் சிக்னல் போடும் இடத்தில். பக்கத்துத் தடத்தில் அதுவரை இரண்டு கார் நீளத்துக்கு இருந்த இடைவெளி, சிக்னல் மின்னத் தொடங்கியதும் மூடிக்கொள்கிறது. வழி கேட்பதற்காகப் போடப்படும் விளக்கு, வழியை அடைப்பதற்கான அறிவிப்பாக மாறிவிடுகிறது. இரண்டு முறை இப்படி ஏமாந்தவர் மூன்றாவது முறை சிக்னல் போடாமலேயே நுழைகிறார். அவரைப் பார்த்தவர், “பார், சிக்னல் கூடப் போடவில்லை” என்று அடுத்த காருக்கு வழி விடாமல் நெருங்கி ஓட்டுகிறார். யார் தொடங்கியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வழி கேட்பவர் ஓட்டுவது மைவி என்றால், அல்லது பின்னால் கறுப்புக் கண்ணாடி ஒட்டிய வெல்ஃபயர் என்றால், “இவனுக்கு மட்டும் விடக்கூடாது” என்ற பிடிவாதம் கூடுதலாகச் சேர்ந்துகொள்கிறது. இதை என்னிடமே பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு. தாம் வேண்டுமென்றே இடைவெளியை அடைத்ததாக ஒப்புக்கொள்கிறோம் என்பதை அவர்கள் உணர்வதில்லை.

தகரம் இதைக் காட்டிக் கொடுத்துவிடும். வலது தடத்திலிருந்து இடது தடத்துக்கு வந்த காரின் இடது பக்கக் கதவுகளில் உள்ள உராய்வு, பின்னாலிருந்து முன்னோக்கி இழுபட்டிருந்தால், தொடர்பு ஏற்பட்ட நேரத்தில் பக்கத்துத் தடத்தில் நேராக வந்தவர்தான் அதிக வேகத்தில் இருந்திருக்கிறார். தடம் மாறியவர் பொறுப்பு அதனால் நீங்கிவிடாது. ஆனால் “நான் என் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்” என்ற வாக்கியத்தை அதற்குப் பிறகு அப்படியே ஏற்க முடியாது. ஆக்சிலரேட்டரை மிதித்தது ‘மைவிக்காரன்’ அல்ல.

பின்னால் மோதும் விபத்துகளில் வண்டியின் பெயர் இன்னும் விநோதமாக வந்து விழுகிறது. “முன்னால் போனது பழைய சாகா, சார், அதெல்லாம் உருண்டுக்கிட்டுத்தான் போகும்” என்று ஒருவர் சொன்னார். மெதுவாகப் போகும் என்று தெரிந்தே ஏன் அவ்வளவு நெருங்கினீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமான மணிக்கு 110 கிலோமீட்டரில் ஒரு கார் ஒரு வினாடிக்கு முப்பது மீட்டருக்குமேல் ஓடுகிறது. முன்னால் சிவப்பு விளக்கு எரிவதைக் கண் பார்த்து, கால் பிரேக்கைத் தொடுவதற்கே ஒன்று, ஒன்றரை வினாடி போய்விடும். பிரேக் பிடித்து நிற்பதற்கு உலர்ந்த சாலையிலேயே இன்னும் அறுபது எழுபது மீட்டர் வேண்டும். ஆகவேதான் முன்னால் செல்லும் வாகனத்துக்கும் நமக்கும் குறைந்தது இரண்டு வினாடி இடைவெளி இருக்க வேண்டும் என்று ஓட்டுநர் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். 110இல் அது ஏறத்தாழ அறுபது மீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் வலது தடத்தில் தீபாவளிக்கு முந்தைய வார இறுதியில் நான் காண்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹை பீம் அடித்து நெருக்குபவரும், முந்தும் தடத்தில் 90இல் நகராமல் ஓட்டி “நான் சட்டப்படித்தான் போகிறேன்” என்பவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். எனக்கு இருவருமே வாடிக்கையாளர்கள்.

மழையைப் பற்றி ஒரு வரி. மாலை மழை கொட்டும்போது ஓடிக்கொண்டே டபுள் சிக்னல் போடும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெரும்பாலான கார்களில் அது எரியும்போது இடது, வலது சிக்னல் தனியாக வேலை செய்யாது, பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா திரும்புகிறீர்களா என்பதும் புரியாது. முன்விளக்கைப் போட்டு வேகத்தைக் குறைத்தால் போதும்.

நம்மவர்கள் நிறையக் கூடும் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் போன்ற இடங்களில் நடக்கும் விபத்துகள் வேகத்தால் வருபவை அல்ல. வெள்ளிக்கிழமை மாலையில் கோயிலுக்கு முன்போ, வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு முன்போ, “ரெண்டு நிமிஷம்தான்” என்று இரண்டாவது வரிசையில் காரை நிறுத்தி, தொலைபேசி எண்ணை டேஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்குகிறோம். எண்ணை வைத்துவிட்டால் மரியாதையாக நடந்துகொண்டோம் என்ற திருப்தி வேறு. இறங்கும்போது கண்ணாடியைப் பார்க்காமல் கதவைத் திறக்கிறோம். பின்னால் மோட்டாரில் வருபவர் கதவில் மோதி, விழும் இடம் பக்கத்துத் தடத்தில் வரும் லோரிக்கு முன்னால். இந்த வகைக் கோப்புகளை மூடிய பிறகு எனக்கு இரவில் எளிதில் தூக்கம் வருவதில்லை. அப்படி ஒரு கோப்பில், கதவைத் திறந்தவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை “மாட் ரெம்பிட், சார்” என்பதாக இருந்தது; சாலையில் மோட்டார் பந்தயம் விடும் இளைஞர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். விழுந்தவர் அறுபது வயதைக் கடந்தவர்; பழைய இஎக்ஸ்5 மோட்டாரில் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.

மோட்டார் சைக்கிளோட்டிகளைப் பற்றிய முன்முடிவுதான் எல்லாவற்றிலும் விலை அதிகமானது. 2019இல் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுள் பெரும்பான்மையினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். கார்களின் வரிசைகளுக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு பாய்பவர்கள் இருக்கிறார்கள், சிவப்பு விளக்கைத் தாண்டுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் இடதுபுறம் திரும்புமுன் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதும், கண்ணாடியில் தெரியாத மூலையைக் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதும், வரப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்துச் செய்யும் காரியங்கள் அல்ல. உணவு விநியோகப் பையோடு வரும் பையனும், பள்ளி முடிந்த மகளைப் பின்னால் ஏற்றி வரும் தாயும் அந்த மூலையில் ஒரே மாதிரிதான் மறைந்திருப்பார்கள்.

‘ஓட்டியது பெண்’ என்பதையும், ‘பி’ ஒட்டிய கார் என்பதையும் காரணமாக எழுதச் சொல்பவர்களுக்கு நான் அதிக நேரம் ஒதுக்குவதில்லை. உரிமம் எடுத்த முதல் இரண்டு ஆண்டுகள் அந்தச் சிவப்பு ‘பி’ இருக்கும். அதைப் பார்த்ததும் இடைவெளி விட வேண்டியவர்கள், ஹாரன் அடித்து அந்தப் பிள்ளையைப் பதற வைத்துவிட்டு, பதறியதைச் சாட்சியாகக் கொண்டுவருகிறார்கள்.

இவ்வளவும் எழுதும் நான் விதிவிலக்கு அல்லன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, சிகாம்புட் பக்கம் வீட்டுக்குத் திரும்பும்போது என் வலது முன்மூலை ஒரு மைவியின் இடது பின்கதவை உராய்ந்தது. என் கோப்பைக் கையாண்டவர் எனக்குப் பின்னால் இத்தொழிலுக்கு வந்த ஒரு தம்பி. “அந்த மைவிக்காரன்” என்று நான் தொடங்கியதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணே, எந்தத் தடம்?” என்றார். என் டேஷ்கேம் பதிவை இருவரும் பார்த்தோம். அந்த மைவி நான்கு வினாடி சிக்னல் போட்டிருந்தது. மூன்றாவது வினாடியில் என் வேகம் கூடியிருந்தது. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் கோரிக்கையின்மைக் கழிவு எனக்கு 55 விழுக்காடாக இருந்தது; அடுத்த புதுப்பிப்பில் அது சுழியத்துக்கு இறங்கியது. அது என் மனைவிக்குத் தெரியவந்ததைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை.

விபத்து நடந்தால் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். சாலை ஓரத்தில் நின்று மற்றவரிடம் பொறுப்பை ஏற்று எழுதிக் கொடுக்காதீர்கள். காப்புறுதி நிறுவனத்தைக் கேட்காமல் அப்படிச் செய்வதை ஒப்பந்த நிபந்தனைகள் தடுக்கின்றன. ஆனால் காவல் துறையிடமும் உங்கள் நிறுவனத்திடமும் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தேதி, நேரம், எந்தச் சாலையில் எந்தத் திசை, எந்தத் தடம், உங்கள் வேகம், முன்னால் எவ்வளவு இடம் இருந்தது, மற்ற வாகனத்தை முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள் என்பவற்றை எழுதிய பிறகு, வண்டி எண்ணையும் மாடலையும் கடைசியில் குறித்தால் போதும். வண்டிகளை நகர்த்துமுன் பாதுகாப்பாக முடிந்தால், தடக்கோடுகள் தெரியும்படி சற்றுத் தொலைவிலிருந்து இரண்டு படங்கள் எடுங்கள்; பம்பரை மட்டும் நெருக்கத்தில் எடுத்த பத்துப் படங்களைவிட அவை பயன்படும்.

டேஷ்கேம் வைத்திருப்பவர்கள் அன்றே அதன் மெமரி கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், ஏனென்றால் தொடர்ந்து ஓட்டினால் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, பலர் மோதும் கணத்தை மட்டும் வெட்டி அனுப்புகிறார்கள். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய முப்பது வினாடி.