துடிப்பு வேறு, ஓட்டம் வேறு: பைபாஸ் குழாயில் ரத்தம் அளப்பது எப்படி?

பைபாஸ் அறுவை சிகிச்சையில் புதிய ரத்தக்குழாயைத் தைத்து முடித்ததும் அதன்மேல் விரல் வைத்தால் துடிப்பு தெரியும். துடிக்கிறது, ஆகவே ரத்தம் போகிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் கீழ்முனை முழுக்க அடைத்துக்கொண்ட குழாயும் நன்றாகவே துடிக்கும். விரலுக்குத் தெரிவது மேலிருந்து வரும் அழுத்த அலை மட்டும்தான். நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் இதயத் தசைக்குப் போய்ச் சேருகிறது என்பதை விரலால் அறிய முடியாது.

தைக்கப்படும் இதயத் தமனியின் உள்விட்டமோ பெரும்பாலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர். ஒரே ஒரு தையல் எதிர்ச்சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் போதும், வழி குறுகிவிடும். காலிலிருந்து எடுத்த சிரை சற்று முறுக்கிக்கொண்டாலும் அதே கதிதான். மார்பு திறந்திருக்கும்போதே கண்டுபிடித்தால் சில நிமிடங்களில் திருத்தக்கூடிய பிழைகள் இவை.

1960-களில் இதற்கு மின்காந்த ஓட்டமானி பயன்பட்டது. குழாயை அது இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்று அந்த இடத்தில் இருப்பது ஒலியின் பயண நேரத்தை அளக்கும் கருவி. கொக்கி போன்ற சிறிய முனைக்குள் கிராஃப்ட்டை, அதாவது புதிதாகத் தைத்த குழாயை, நுழைத்து, இடைவெளியை ஜெல்லால் நிரப்புவார்கள். காற்று இருந்தால் அல்ட்ராசவுண்ட் கடக்காது. ஒரு பக்கம் இரண்டு படிகங்கள், எதிரே ஒரு பிரதிபலிப்பான். முதல் படிகம் அனுப்பும் ஒலி குழாயைக் கடந்து, பிரதிபலித்து, மறுபடியும் கடந்து இரண்டாவதை அடைகிறது. பிறகு இரண்டாவது அனுப்ப, முதலாவது வாங்குகிறது. ஓட்டத்தோடு போகும் ஒலி சற்று முந்தும், எதிர்த்து வருவது சற்றுப் பிந்தும். இந்த வேறுபாடு ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். ஒலிக்கற்றை குழாயின் முழு அகலத்தையும் மூடுவதால், விட்டத்தைத் தனியாக அளக்காமலே மொத்த ஓட்டம் நேராகக் கிடைத்துவிடுகிறது.

திரையில் சராசரி ஓட்டமும் அலைவடிவமும் தெரியும். இரண்டில் அலைவடிவத்தைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பேன். இதயம் சுருங்கும்போது தன் தசைக்குள் இருக்கும் நுண்குழாய்களைத் தானே நசுக்குகிறது. அதனால் இடது பக்கத் தமனிக்குப் போகும் கிராஃப்ட்டில், இதயம் தளரும் நேரத்தில்தான் ரத்தம் அதிகம் பாய வேண்டும். அடைப்புள்ள குழாயில் சுருங்கும்போது மட்டும் ஒரு கூர்முனை எழும்பும், பிறகு ரத்தம் பின்னுக்கும் வரும்.

இதை எண்ணாக்குவது துடிப்புக் குறியீடு: உச்ச ஓட்டத்திலிருந்து குறைந்தபட்ச ஓட்டத்தைக் கழித்து, சராசரியால் வகுக்க வேண்டும். உச்சம் 60, குறைந்தபட்சம் 10, சராசரி 35 என்றால் குறியீடு 1.4. உச்சம் 40, குறைந்தபட்சம் மைனஸ் 25, சராசரி 8 என்றால் 8-ஐத் தாண்டுகிறது. 2018-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி, ஓட்டம் நிமிடத்துக்கு 20 மில்லிக்குக் கீழும் குறியீடு 5-க்கு மேலும் இருந்தால் தையலைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் எண் குறைந்தவுடனே தையலைப் பிரித்துவிடக் கூடாது. முதலில் ரத்த அழுத்தம் போதுமா, கிராஃப்ட்டாக வைத்தது தமனி என்றால் அது இழுத்துச் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுருக்கம் என்றால் பாப்பாவெரின் மருந்து தளர்த்தும். நோயாளியின் சொந்தத் தமனியில் அடைப்பு அவ்வளவு கடுமையாக இல்லாவிட்டால், அதன் வழியே வரும் ரத்தம் கிராஃப்ட்டோடு போட்டி போடும். தையல் குறையின்றி இருந்தும் ஓட்டம் குறையும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது. தையலுக்கு மேற்புறம் சொந்தத் தமனியைச் சுருக்குக் கயிற்றால் சில கணங்கள் இறுக்குவார்கள். கிராஃப்ட்டில் ஓட்டம் உயர்ந்தால், குறைத்து வைத்தது போட்டி ஓட்டம். தையல் நன்றாகவே இருக்கிறது. ஓட்டம் விழுந்தால் கவலைப்பட வேண்டும்: அதுவரை ரத்தம் கீழே போகாமல் மேல்நோக்கித் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது, தையலின் கீழ்முனை குறுகியிருக்கிறது. அதாவது, திரையில் நல்ல எண் தெரியும்போதும் இந்தப் பிழை ஒளிந்திருக்கலாம். சந்தேகம் தீராவிட்டால் இதயத்தின் மேலேயே சிறு அல்ட்ராசவுண்ட் முனையை வைத்துத் தையலின் உட்புறத்தைப் படமாகப் பார்க்கலாம்.

ஒருமுறை அளந்தால் போதாது. இதயம் நிரம்பி, நுரையீரல் விரிந்ததும் நீளமான சிரை மடங்கலாம், கிராஃப்ட்டாக வைத்த குட்டையான மார்புத் தமனி இழுபடலாம். அதனால் மார்பெலும்பை மூடுவதற்கு முன் ஒவ்வொரு கிராஃப்ட்டையும் மறுபடி அளந்து பதிவு செய்கிறார்கள்.