பழைய காரின் பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறது?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் பழைய கார் விலைக்கு வரும்போது, "தோட்டத்து துரை ஓட்டிய வண்டி" என்ற பேச்சும் கூடவே வரும். வண்டிகளை ஆய்ந்து மதிப்பிடும் மோட்டார் சர்வேயரான எனக்கு அந்தத் துரை எவர் என்பது பொருட்டன்று, ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் அவர் பெயர் ஏறியிருக்கிறதா, அவருக்குப் பின் வண்டியை வைத்திருந்தவர்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்பதே பொருட்டு. (தோட்டங்களில் மேலாளரை இன்றும் துரை என்பார்கள்; ஆகவே அச்சொல்லைக் கொண்டு வண்டியின் வயதையும் கணிக்க இயலாது.)

அண்மையில் மதிப்பீட்டுக்கு வந்த அரிய வண்டி ஒரு ஸ்டாண்டர்டு கெசல். சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தன் ஹெரால்டு காரை அடியொற்றி 1972 முதல் 1977 வரை தயாரித்த நான்கு கதவு செடான் அது. எஞ்சின் 948 சி.சி. பாடியும் சேசிஸும் (அடிச்சட்டகம்) தனித்தனி என்பதால், துருவேறிய ஒன்றைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது தேர்ந்த பட்டறைக்குப் பெரிய வேலையன்று. ஸ்டாண்டர்டு டென், ஹெரால்டு ஆகியவற்றின் எஞ்சினும் இதே வகையைச் சேர்ந்ததால் எளிதில் இடம் மாறும். மலை ஈரத்தில் ஷெட்டில் கிடந்த வண்டியில் இவையெதுவும் நடவாதிருந்தால்தான் வியப்பு. சேசிஸ் எண்மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரிண்ட், ஆர்.சி.யோடு ஒத்திருந்தது. எஞ்சின் பிளாக்கிலோ, எண் இருக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் கிரைண்டர் ஓடிய பளபளப்பு, எண்ணும் வேறு. எஞ்சின் மாற்றம் ஆர்.சி.யில் பதியப்படவே இல்லை.

அதைவிடச் சிக்கல், கைமாறிய வரலாற்றில் இருந்தது. ஆர்.சி.யின் கடைசிப் பெயர் ஒரு தோட்ட நிறுவனத்தினுடையது. அதன்பின் வண்டி பல கைகளுக்குச் சென்றும், சாட்சியாக இருந்தவை முத்திரைத்தாள் ஒப்பந்தங்களும், கையெழுத்து மட்டும் இட்டு மற்ற இடங்களை வெறுமையாக விட்ட, உரிமை மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களும்தான். இப்படிப்பட்ட வண்டிகள் நீலகிரியில் பல வழிகளில் உருவாகின்றன: குன்னூரை அடுத்த வெலிங்டன் ராணுவக் குடியிருப்புக்கு மாற்றலாகி வந்த அதிகாரி, வெளிமாநிலப் பதிவெண்ணுடனேயே, தடையில்லாச் சான்றின்றி விற்றுச் செல்கிறார், உரிமையாளர் இறந்தபின், மூன்று மாதத்திற்குள் படிவம் 31 வழியாகப் பெயர் மாற்ற வேண்டிய வாரிசுகள், அதைச் செய்யாமலே பங்களாவோடு காரையும் கொடுத்துவிடுகிறார்கள்.

பெயர் மாறாத வண்டியால் வாங்குபவருக்கு மட்டுமே தொல்லை என்று விற்றவர்கள் நினைப்பது தவறு. அடுத்தடுத்துப் பலருக்கு விற்கப்பட்டும் பெயர் மாற்றப்படாத ஒரு காரின் விபத்து வழக்கில், பதிவேட்டில் பெயருள்ளவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மறுபுறம், பெயர் மாற்றாமல் வாங்கியவர் சொந்தச் சேதத்திற்குக் காப்பீடு கேட்டால், பெரும்பாலும் மறுக்கப்படும்.

மிகப் பழைய வண்டிகளுக்கென உள்ள விண்டேஜ் பதிவு கோருவோர்க்கும் இந்த வரலாறு தேவை. 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, அதற்கு வேண்டிய 50 ஆண்டு வயது முதற்பதிவு நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இருத்தலாகாது. தொடக்க கால கெசல்கள் இப்போதுதான் அந்த வயதை எட்டியுள்ளன. முதற்பதிவுப் பக்கம் தொலைந்த வண்டிக்கு வயதை நிறுவுவதே பெரும்பாடு. புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000; செல்லுபடி 10 ஆண்டு. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

விண்டேஜ் பதிவு பெற்ற காரைக் கண்காட்சி, பேரணி, எரிபொருள், பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். வாரந்தோறும் மேட்டுப்பாளையம் இறங்கி ஏற விரும்புபவர், சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே முறை. அதற்கும் முதலில் பெயர் மாற்றம் முடிந்தாக வேண்டும் என்பதால், அதுவரை முன்பணத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்றே என்னிடம் வருவோருக்குச் சொல்லி வருகிறேன்.