தேன் மட்டும் கணக்கில் வராதா?

"மூன்று மாதமாகச் சர்க்கரையைத் தொடவே இல்லை டாக்டர்" என்றார் சர்க்கரை நோய் உள்ள ஒருவர். கையிலிருந்த ரிப்போர்ட்டில், இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.2-இலிருந்து 8.6 ஆகியிருந்தது. நான் டாக்டர் இல்லை, உணவியல் ஆலோசகர். அதைத் திருத்துவதை விட்டுப் பல வருடம் ஆகிறது. "அப்போ டீக்கு?" என்றேன். "தேன்தான். இயற்கையானதாச்சே!" எண்ணிப் பார்த்தோம். காலை வெந்நீரில் இரண்டு ஸ்பூன், மூன்று டீயில் இரண்டிரண்டு. ஆக, எட்டு. வெள்ளைச் சர்க்கரை காலத்தில் பயந்து பயந்து நாளுக்கு மூன்று ஸ்பூன் போட்டவர் அவர். இந்த மாதம் இதே கதையோடு வந்தவர்களில் இவர் நாலாவது ஆள்.

தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரைதான், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு சின்ன ஸ்பூன் சர்க்கரை 4 கிராம் இருக்கும். அதே ஸ்பூனில் தேன் 7 கிராம் பிடிக்கும், அதில் ஐந்தரை கிராமுக்கு மேல் சர்க்கரை. ஸ்பூனுக்கு ஸ்பூன் பார்த்தால் தேனில்தான் அதிகம்! தாதுக்கள் உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் அவை உடம்புக்குப் போதுமான அளவில் சேர வேண்டுமென்றால் கிண்ணக் கணக்கில் குடிக்க வேண்டும். சர்க்கரைக்கு உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வரம்பு, 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாளுக்கு 50 கிராமுக்குள், 25-க்குள் என்றால் இன்னும் நல்லது. அந்தக் கணக்கில் தேன், சிரப், பழச்சாறு எல்லாமே அடக்கம். முழுப் பழம் மட்டும் சேராது.

இன்னொன்று. ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து படபடப்பு வரும்போது ஒரு பெரிய ஸ்பூன் தேன் கொடுத்தால் ஏறிவிடும், அதை நாங்களே சொல்லித் தருகிறோம். அவசரத்துக்கு ஏற்றுகிற தேன் மற்ற நேரத்தில் மட்டும் சும்மா இருக்குமா?

கொழுப்பு விஷயத்தில் இயற்கையின் பக்கம் கண்டிப்பாக நிற்பேன். லேபிளில் 'பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்' என்று இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள், பேச்சே வேண்டாம். அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும், நல்லதைக் குறைக்கும். ஆனால் அதை விட்டுவிட்டோம் என்ற தெம்பில் செக்கு எண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறவர்களை என்ன சொல்ல? செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் கிராமுக்கு 9 கலோரிதான். மணமும் கொஞ்சம் வைட்டமின் இ-யும் கூடுதலாக மிஞ்சும், அவ்வளவே. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. எப்படி ஆட்டினாலும் அது மாறாது.

சரி, என்ன செய்யலாம்? ஒரு வாரம், இனிப்புக்காகப் போடும் ஒவ்வொரு ஸ்பூனையும் எழுதி வையுங்கள், தேன் உட்பட. எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேராகச் சரிக்காமல் ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்ற வாசகத்தை நம்பாமல் பொட்டலத்தின் பின்பக்கம் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் (ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் மாவுப் பொடி) இருக்கிறதா என்று பாருங்கள். முதல் மூன்று பெயர்களுக்குள் இருந்தால் அது இனிப்புப் பண்டம்தான். இயற்கைக்கு மாறிவிட்டேன் என்று மாத்திரையை மட்டும் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

அப்புறம், வீட்டில் ஒரு வயது நிரம்பாத குழந்தை இருந்தால் தேன் ஒரு துளிகூட வேண்டாம். போட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம். நமக்கு ஒன்றும் செய்யாத அளவு அந்தக் குடலுக்கு ஆபத்து.