சுழி எண்ட சொல்லு: ஸ்பின்னுக்குத் தமிழ் தேடப்போய்

வெள்ளவத்தையில எங்கட வீட்டு வோஷிங் மெஷின் கடைசியா ஸ்பின் ஓடேக்க குசினி யன்னலே அதிரும். போன கிழமை அப்பிடி அதிர்ந்துகொண்டிருக்கேக்க அக்காவின்ர மகள் கேட்டாள், "மாமா, ஸ்பின்னுக்குத் தமிழ்ல என்ன?" "சுத்துறது" எண்டு டக்கெண்டு சொல்லிட்டன், பிறகு யோசிச்சா மனசுக்கு ஒத்துவரேல்ல.

தன்ர அச்சிலயே நிண்டு திரும்பினா அது சுழலுது, இன்னொண்டை நடுவில விட்டு அதைச் சுத்திப் போனா சுத்துது. பூமி 24 மணித்தியாலத்துக்கு ஒருக்கா சுழலும், 365 நாள்ல சூரியனை ஒருக்காச் சுத்திவரும். பேச்சில ரெண்டையும் கலந்துதான் பாவிக்கிறம், "ஃபான் சுத்துது" எண்டா ஆருக்கும் விளங்கும், அதில பிழை பிடிக்க ஏலாது. ஆனா எழுதேக்க ஸ்பின்னுக்குச் சுழற்சி, சுழற்றல் எண்டதுதான் பொருத்தம். கிரிக்கெட்காரர் இதை எப்பவோ சரியாப் பிடிச்சிட்டினம், முரளி 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தது சுழற்பந்திலதானே.

சுழல் எண்டதுக்குப் பக்கத்தில நிக்கிற சொல்லுத்தான் சுழி. சிங்கில தண்ணியை நிரப்பி அடைப்பானைக் கழட்டிப் பாருங்கோ, ஓட்டைக்கு மேல தண்ணி குழிஞ்சு திரும்பித் திரும்பி இறங்கும், அதுதான் சுழி. ஆத்தில வாற நீர்ச்சுழியும் இதுதான், ஆளை இழுத்துக்கொண்டு போற அளவுக்குப் பெரிசு, அவ்வளவுதான் வித்தியாசம். மலையாளத்தில சுழி, கன்னடத்தில சுளி, தெலுங்கில சுடி, எல்லாம் ஒரு குடும்பம். சிங்களத்திலயும் நீர்ச்சுழியை தியசுளிய எண்டுதான் சொல்லுவினம், சூறாவளிக்கும் சுளி சுளங்க எண்டு அதே சொல்லு வரும். பஸ்ஸில பக்கத்து சீட்டில ஆரும் அதைச் சொல்லேக்க எனக்கு ஒவ்வொரு முறையும் சொந்தக்காரர் ஒராளைக் கண்டமாதிரி இருக்கும்.

சுழண்டு வாற வடிவம் எங்கயெல்லாம் இருக்கோ அங்கயெல்லாம் இந்தச் சொல்லும் இருக்கு. மூண்டு சுழி ண, ரெண்டு சுழி ன. கொப்பியில முதல் போடுற பிள்ளையார் சுழி. பூச்சியத்துக்குச் சுழியம் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம், வட்டமாத்தானே கிடக்கு. குழப்படிக்காரப் பெடியனைச் "சரியான சுழியன்" எண்டு ஏசுவம், சும்மா நேரா நடக்கமாட்டான் எண்ட கருத்தில.

எங்கட நாட்டுப் பேப்பருகள்ல வாற சுழியோடி எண்ட சொல்லு எனக்கு இன்னும் பிடிக்கும். ஆரும் ஆத்திலயோ கடல்லயோ காணாமப் போனா "கடற்படைச் சுழியோடிகள் தேடுதல்" எண்டு செய்தி போடுவினம். டைவருக்குத் தமிழ் என்ன எண்டு தேடித்திரியத் தேவையில்லை, ஆழத் தண்ணிக்குள்ள இறங்கித் தேடுற மனுசனுக்கு இதைவிட நல்ல பேர் எங்க கிடைக்கும்.

திசைக்கும் இதுதான். மணிக்கூட்டுக் கம்பி போற பக்கம் வலஞ்சுழி, எதிர்ப்பக்கம் இடஞ்சுழி. கிளாக்வைஸ், அன்டி கிளாக்வைஸ் எண்டு டியூஷன்ல சொல்லிக்குடுக்கிறவைக்கு இந்த ரெண்டு சொல்லும் பாடப்புத்தகத்திலயே கிடக்கு, தயவுசெய்து பாவியுங்கோ. வங்காள விரிகுடாவில உருவாகி வாற சூறாவளி எல்லாம் இடஞ்சுழியாத்தான் சுழலும், 1978 நவம்பரில மட்டக்களப்பை அடிச்சதும் அப்பிடித்தான். பூமி சுழலுறதாலதான் காத்து நேரா உள்ளுக்குப் போகாம வளைஞ்சு போகுது, நடுக்கோட்டுக்கு வடக்கில இடஞ்சுழியாவும் தெற்கில வலஞ்சுழியாவும் வரும்.

வள்ளுவரும் "சுழன்றும்ஏர்ப் பின்னது உலகம்" எண்டு இந்தச் சொல்லை வச்சிருக்கிறார். உலகம் எந்தெந்தத் தொழிலுக்குள்ளயோ சுழண்டு திரிஞ்சாலும் கடைசியா ஏருக்குப் பின்னாலதான் வரும் எண்டு. அங்க சுழலுறது அலைஞ்சு திரியிறது.

மெஷின் நிண்ட பிறகு இதெல்லாம் மருமகளுக்குச் சொல்ல, உடன தலையைக் குனிஞ்சு "என்ர சுழியைப் பாருங்கோ" எண்டாள். தலைமயிரை விலக்கிப் பாத்தன், உச்சியில ஒரே ஒரு சுழி, வலஞ்சுழி.